சுழலுது, ஆனால் வாசிக்குதில்லை: பழைய லப்டொப்பில் டிஸ்க் கோளாறு பார்ப்பது எப்படி

"டிரைவ் செத்துப் போச்சாம் தம்பி, வேற போடோணுமாம்" என்று சொல்லிக்கொண்டே திருகோணமலைப் பாலையூற்றில் இருந்து ஓர் அக்கா போன மாதம் ஒரு லப்டொப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். 2005 காலத்து இயந்திரம், விண்டோஸ் எக்ஸ்பி. கூடவே ஒரு கல்யாண டிவிடி. அதைத் தட்டில் வைத்து மூடினால் உர்ர் என்று ஒரு சுற்று, ஒரு நிறுத்தம், மறுபடி உர்ர், அப்புறம் அமைதி. திரையில் "டிஸ்க்கைப் போடுங்கள்" என்று ஒரு பெட்டி. இதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கோ ஒரு கடையில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். நான் லாச்சியில் கிடந்த பழைய பாட்டு சீடி ஒன்றை எடுத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பாடத் தொடங்கிவிட்டது.

ஒரேயொரு டிஸ்க்கைப் பார்த்துவிட்டு டிரைவுக்கு மரணச் சான்றிதழ் எழுதக் கூடாது. டிஸ்க் உள்ளே போன முதல் பத்துப் பதினைந்து செக்கனில் டிரைவ் என்ன செய்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். பிழை எங்கே என்று பாதி அதிலேயே தெரிந்துவிடும். ஸ்குரூ டிரைவரை எடுப்பது அதற்குப் பிறகுதான்.

முதலில் மூன்று டிஸ்க் தேடுங்கள்

கம்பனியில் அச்சிட்ட ஒரிஜினல் சீடி ஒன்று, ஒரிஜினல் டிவிடி ஒன்று, யாராவது கொம்பியூட்டரில் ரைட் பண்ணிய சீடி ஒன்று. மூன்றும் வேறொரு இயந்திரத்தில் ஓடுகின்றனவா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இதில்லாமல் கோளாறு பார்ப்பது இருட்டில் ஊசி தேடுகிற வேலை.

போடுவதற்கு முன்னால் தட்டின் முகப்பைப் பாருங்கள். அதில் "டிவிடி" என்ற சின்னம் இருக்கிறதா? தொண்ணூறுகளின் லப்டொப்களில் பெரும்பாலும் சீடி மட்டும் வாசிக்கும் டிரைவ்தான். 2000க்குப் பிறகும் சில காலம் சீடி எழுதும், டிவிடி வாசிக்க மட்டும் செய்யும் "கொம்போ" டிரைவ்கள் ஓடின. டிவிடி சின்னமே இல்லாத டிரைவில் டிவிடியைப் போட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டிய ஆட்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

இனி முடிவுகள். சீடி எல்லாம் ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு. டிவிடி டிரைவுக்குள் இரண்டு லேசர். சீடிக்கு 780 நனோமீற்றர் அகச்சிவப்பு, டிவிடிக்கு 650 நனோமீற்றர் சிவப்பு. ஒன்று மங்கினாலும் மற்றது வேலை செய்துகொண்டே இருக்கும். ஆனால் உடனே "சிவப்பு லேசர் போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். சீடியில் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீற்றர் இடைவெளி, டிவிடியில் வெறும் 0.74. நெருக்கமான எழுத்தை மங்கல் கண்ணாடியோடு வாசிப்பது போலத்தான்: லென்ஸில் படலம் படிந்தால் டிவிடி முதலில் அடிவாங்கும், சீடி இன்னும் கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கும். ஆகவே லென்ஸைத் துடைத்துப் பார்த்த பிறகுதான் லேசர்மேல் பழி போடலாம்.

சீடி ஓடாமல் டிவிடி மட்டும் ஓடினால் நிலைமை மோசம். மேலே சொன்ன நியாயம் இங்கே செல்லாது. பெரும்பாலும் அகச்சிவப்பு லேசர் போயிருக்கும்.

ஒரிஜினல்கள் ஓடுகின்றன, ரைட் பண்ணியவை ஓடவில்லை என்றால் அது ஒளி குறைந்த கதை. அச்சிட்ட சீடி தன்மேல் விழும் ஒளியில் எழுபது சதவீதம் அளவுக்குத் திருப்பியனுப்பும். அழித்து எழுதும் சீடி, அதாவது ஆர்டபிள்யூ வகை, கால்பங்கு திருப்பினாலே பெரிய காரியம். 1997க்கு முந்திய டிரைவ்களில் பல அந்த வகையை அடையாளமே கண்டுகொள்ளாது. அது பழுது இல்லை, பிறவிக் குணம்.

மூன்றுமே ஓடவில்லையா? சரி, இனி அறிகுறி அறிகுறியாகப் போவோம்.

"தட்டு வெளியே வருவதே இல்லை"

லப்டொப் டிரைவின் தட்டை மோட்டார் தள்ளுவதில்லை. ஒரு கொக்கி விடுபட, ஒரு சின்ன வில் அரை அங்குலம் உந்தும். மிச்சத்தை நாம்தான் இழுக்க வேண்டும். பட்டனை அமத்தும்போது "டக்" என்று கேட்டும் தட்டு வராவிட்டால் கொக்கி வேலை செய்கிறது, உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. சத்தமே வராவிட்டால் கரண்ட் போகவில்லை, அல்லது ஏதோ ஒரு மென்பொருள் டிரைவைப் பிடித்து வைத்திருக்கிறது. லப்டொப்பை முழுதாக அணைத்துவிட்டு, முகப்பில் இருக்கும் ஊசித் துளைக்குள் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக விட்டு அமத்துங்கள். தட்டு வந்துவிடும். வந்ததும் உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். எறும்புப் புற்று, பல்லி முட்டை இரண்டும் நான் கண்டவை.

தட்டில்லாமல் வாய்ப்பிளவில் டிஸ்க்கை விழுங்கும் வகையில் கத்தி, டுவீசர் விட்டுக் கிண்டாதீர்கள். ஆப்பிளின் பழைய பவர்புக் லப்டொப் என்றால் மௌஸ் பட்டனை அமத்திப் பிடித்தபடி இயந்திரத்தை ஓன் பண்ணுங்கள், துப்பிவிடும்.

"சத்தமும் இல்லை, மை கொம்பியூட்டரில் டிரைவும் இல்லை"

விண்டோஸுக்குள் போகவே வேண்டாம். முதலில் பயோஸை, அதாவது ஓன் பண்ணியதும் விண்டோஸுக்கு முன்னால் திறக்கக்கூடிய அமைப்புத் திரையை, திறந்து அங்கே டிரைவின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் விண்டோஸை எத்தனை தரம் அழித்துப் போட்டாலும் பயனில்லை, அது இணைப்புக் கோளாறு.

இந்த இடத்தில் பழைய லப்டொப்பை நான் மனதாரப் புகழ்வேன். திங்க்பேட் டி வரிசை போன்றவற்றில் பக்கத்து நெம்புகோலை இழுத்தால் டிரைவ் முழுதாகக் கையோடு வந்துவிடும். மற்றப் பலவற்றில் அடியில் ஒரேயொரு ஸ்குரூ. கழற்றியபின் பின்பக்கத்து இணைப்பியைப் பாருங்கள். ஐடிஈ என்ற பழைய இணைப்பு வகையில் 50 தொடுமுனை உண்டு. திருகோணமலையில் அது பளபளவென்று இருந்தால் அதிர்ஷ்டம்தான். மூன்று பக்கமும் கடல், காற்றில் எப்போதும் உப்பு. உப்புவெளிக்கு அப்படிப் பேர் வைத்தவர்கள் ஊரைப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள் என்று தோன்றும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் இருந்து வரும் லப்டொப்களில் அந்த முனைகள் மங்கி, ஓரங்களில் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் நனைத்த மெல்லிய தூரிகையால் துடைத்து, காயவிட்டு, இரண்டு மூன்று தரம் சொருகிக் கழற்றிவிட்டுப் பாருங்கள். நான் பார்த்த "டிரைவைக் காணோம்" முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் இத்தோடு சரியாகிவிட்டன.

பயோஸில் தெரிகிறது, விண்டோஸில் மட்டும் இல்லை, அல்லது விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மனேஜரில் மஞ்சள் அடையாளத்தோடு 19, 31, 39, 41 என்று ஒரு கோட் வருகிறது என்றால் டிரைவ் குற்றமற்றது. எப்போதோ போட்டுக் கழற்றிய சீடி ரைட்டிங் மென்பொருள் தன் வாலை விட்டுப் போயிருக்கிறது. விண்டோஸின் பதிவேட்டைத் திருத்தும் கருவியான ரெஜ்எடிட்டைத் திறந்து, லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கொன்ட்ரோல் செட், கொன்ட்ரோல், கிளாஸ் என்று இறங்கி, 4டி36ஈ965 என்று தொடங்கும் கோப்புறைக்குப் போங்கள். பக்கத்தில் அதே மாதிரித் தொடங்கி ஓர் இலக்கம் மட்டும் மாறுபடும் கோப்புறைகளும் இருக்கும். வலப்பக்கத்தில் "டிவிடி/சீடி-ரொம் டிரைவ்ஸ்" என்று எழுதியிருந்தால்தான் சரியான இடம். அந்தக் கோப்புறையை எக்ஸ்போர்ட் செய்து ஒரு கொப்பி வைத்துவிட்டு, அப்பர்பில்டர்ஸ், லோவர்பில்டர்ஸ் என்ற இரண்டையும் அழியுங்கள். ரீஸ்டார்ட். டிரைவ் திரும்பி வந்திருக்கும். ஐடியூன்ஸ் மாதிரி ஏதாவது மென்பொருள் பிறகு முறைத்தால் அதை மட்டும் மறுபடி இன்ஸ்டோல் பண்ணினால் போதும்.

"டிஸ்க் சுழலவே இல்லை, உள்ளே டிக் டிக் என்று மட்டும் கேட்குது"

இங்கேதான் பலரும் ஏமாறுவது. சுழலவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது என்று நினைப்போம். பல டிரைவ்களில் நடப்பது வேறு. தட்டு மூடியதும் லேசர் வண்டி உள்வட்டத்துக்கு ஓடும், அதுதான் முதலில் கேட்கிற சிறு "கிரக்". பிறகு லேசர் எரியும். லென்ஸ் மேலும் கீழும் இரண்டு மூன்று தரம் தலையாட்டித் தனக்கு மேலே மினுங்கும் ஏதாவது இருக்கிறதா என்று தேடும். திரும்பி வரும் ஒளி கிடைத்தால்தான் மோட்டாருக்கு "சுற்று" என்ற கட்டளை போகும். கிடைக்காவிட்டால் டிஸ்க் இல்லை என்றே டிரைவ் நினைத்துக்கொள்ளும். நீங்கள் கேட்கிற டிக் டிக், லென்ஸின் அந்தத் தலையாட்டல்தான். மோட்டார் நன்றாக இருக்கிறது, கண்தான் மங்கல்.

லப்டொப் டிரைவில் ஒரு வசதி, தட்டை இழுத்தால் லென்ஸும் கூடவே வெளியே வரும். மேசை மின்விளக்கின் கீழே சாய்த்துப் பாருங்கள். நல்ல லென்ஸ் ஒரு சின்ன நீர்த்துளி போல இருக்கும், லேசான நீல மினுக்கத்தோடு, மின்குமிழின் விம்பம் அதில் கூர்மையாக விழும். அக்காவின் இயந்திரத்தில் அந்த விம்பம் மூடுபனிக்குள் தெரியும் தெருவிளக்கு மாதிரி இருந்தது. படலம், நடுவில் ஒரு பஞ்சு இழை. சீடியை அது எப்படி வாசித்தது என்றே ஆச்சரியம்.

துடைக்கும் முறை: லப்டொப்பை அணைத்து, அடப்டரைக் கழற்றி, பற்றரியையும் எடுத்துவிடுங்கள். முதலில் ஊதுபந்தால் இரண்டு தரம் ஊதுங்கள். வாயால் ஊதக் கூடாது, எச்சில் துளி விழும். காது துடைக்கும் பஞ்சுக்குச்சியின் நுனியில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் ஒரு துளி. நனைய வேண்டும், சொட்டக் கூடாது. லென்ஸ் மயிரிழை மாதிரி நாலு கம்பியில் தொங்குகிற சாமான், அமத்தினால் தன்பாட்டில் கீழே இறங்கும். அந்த அளவுக்குப் போக விடாமல், குச்சியின் பாரம் மட்டுமே படுகிற மாதிரி நடுவிலிருந்து வெளியே ஒரு சுற்று. குச்சியின் மறுமுனை காய்ந்தபடி இருக்கட்டும், அதால் இன்னொரு சுற்று. ஐந்து நிமிடம் காயவிட்டு மூடுங்கள்.

அல்கஹோல் 99 சதவீதமாக இருந்தால் நல்லது. பாமசியில் கேட்டால் சிலவேளை சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தருவார்கள். அதில் எண்ணெய்ப் பொருள் சேர்ப்பது உண்டு, காய்ந்ததும் புதிய படலம் ஒன்றைப் போட்டுவிடும். ஓடிகொலோன், கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம், நகப்பூச்சு நீக்கி எதுவும் வேண்டாம். கடைசியில் சொன்னது லென்ஸின் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும்.

இன்னொன்று. லேசர் வண்டியின் பக்கத்தில் ஒரு குட்டித் திருகு தெரியலாம். அதைக் கொஞ்சம் திருப்பினால் லேசரின் பலம் கூடும், செத்த டிரைவ் உயிர்க்கும் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உயிர்ப்பது உண்மைதான், சில நாளைக்கு. பிறகு லேசர் நிரந்தரமாக எரிந்துபோகும். தொடாதீர்கள். மூடியைக் கழற்றிய டிரைவை இயக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பதும் வேண்டாம். சீடி லேசர் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாத ஒளி, தெரியவில்லை என்பதற்காக அது கண்ணைச் சும்மா விடாது.

துடைத்தும் அதே டிக் டிக் என்றால் ஒரு கேள்வி: இயந்திரம் இப்போது எங்கிருந்து வந்தது? ஏசி அறையில் இருந்து வெளியே கொண்டுவந்த லப்டொப்பின் லென்ஸில், எங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு நீர் வியர்த்துவிடும். வாடை மழைக் காலத்தில் இன்னும் மோசம். தட்டைத் திறந்துவிட்டு ஒரு மணித்தியாலம் சும்மா வையுங்கள். ஹெயர் டிரையர் பிடித்தால் லென்ஸ் போய்விடும்.

"சுழலுது, நிக்குது, மறுபடி சுழலுது"

அக்காவின் டிவிடி இந்த வகை. முதலில் டிஸ்க் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேசைக் கொம்பியூட்டரில் டிஸ்க்கைத் தட்டில் சும்மா வைத்தால் போதும். லப்டொப்பில் நடுக் குமிழில் மூன்று சிறு குண்டுகள் உண்டு, அவற்றில் "டக்" என்று பூட்ட வேண்டும். ஒரு கையால் தட்டைக் கீழிருந்து தாங்கிக்கொண்டு, மற்றக் கையின் இரண்டு விரலால் நடுத் துளையின் ஓரத்தை அமத்துங்கள். தாங்காமல் அமத்தினால் தட்டு வளையும், நாளடைவில் லேசர் வண்டியின் தண்டவாளமும் கோணும். பூட்டாத டிஸ்க் சுழலும்போது கரகரவென்று உரசிக்கொண்டு வட்டக் கீறல் போட்டுவிடும்.

சரியாகப் பூட்டியும் அப்படியே என்றால் டிஸ்க்கை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் படுக்க வையுங்கள். எங்காவது தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அக்காவின் டிஸ்க்கின் மேலே மணமக்களின் படத்தை அச்சடித்த ஒரு முழுக் காகித லேபிள் ஒட்டப்பட்டிருந்தது. அந்தக் காலத்துக் கல்யாண வீடியோக்களில் அது ஒரு நாகரிகம். காகிதம் மழைக்கு ஈரம் குடிக்கும், கச்சான் காற்றுக்குக் காய்ந்து சுருங்கும். இப்படி வருடக்கணக்கில் இழுத்து இழுத்து டிஸ்க் சாப்பாட்டுக் கோப்பை மாதிரிக் குழிந்துவிட்டது. லென்ஸின் கவனம் அந்த வளைவை எட்டிப் பிடிக்க முடியாமல் டிரைவ் வேகத்தைக் குறைத்து, நிறுத்தி, மறுபடி முயன்றுகொண்டிருந்தது.

லேபிளை உரித்துவிடலாமே என்றுதான் முதலில் தோன்றும். சீடியில் அப்படிச் செய்தால் எல்லாம் முடிந்தது. சீடியின் தகவல் படலம் அடியில் இல்லை, மேலே லேபிளுக்குச் சற்றுக் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சின் அடியில் இருக்கிறது. லேபிளோடு சேர்ந்து அதுவும் உரிந்து வரும். டிவிடியில் தகவல் 0.6 மில்லிமீற்றர் தகடுகள் இரண்டுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது, ஆனாலும் உரிக்கும் இழுவையில் தகடுகள் பிரியலாம். நான் உரிக்கவில்லை. என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

"பட்டியல் தெரியுது, கொப்பி பண்ணினால் நடுவில் நிக்குது"

"சைக்கிளிக் ரிடண்டன்சி செக்", அதாவது வாசித்த தகவல் சரிபார்ப்பில் பொருந்தவில்லை என்று ஒரு பெட்டி வந்து கொப்பி நின்றுபோகும். இது டிரைவைவிட டிஸ்க்கின் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கிராமபோன் தட்டுக்கு நேர்மாறாக இந்த டிஸ்க்குகள் உள்ளிருந்து வெளியே எழுதப்படுகின்றன. கோப்புப் பட்டியல் உள்வட்டத்தில் இருப்பதால் அது சுகமாக வந்துவிடும். ஓரத்தில் கீறலோ அழுக்கோ இருந்தால் கடைசிக் கோப்புகளில்தான் சிக்கும். ரைட் பண்ணிய டிஸ்க்கின் அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் எழுதிய பகுதியும் வெற்றுப் பகுதியும் இரண்டு நிற வளையங்களாகத் தெரியும். கீறல் வெற்று வளையத்தில் இருந்தால் கவலையே வேண்டாம்.

கீறலிலும் சாதி உண்டு. நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் கீறல் ஒவ்வொரு தடத்தையும் ஒரு நொடி மட்டும் வெட்டும். சீடியின் பிழை திருத்தும் முறை ஒரே தொடர்ச்சியில் ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் வரை விட்டுப்போனதைத் தானே நிரப்பிக்கொள்ளும். வட்டமாக, தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல்தான் எமன். இதனால்தான் டிஸ்க்கை எப்போதும் நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில் துடைக்கச் சொல்வது, வட்டமாகத் துடைக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், பழைய பருத்திச் சாரத்துண்டு. பற்பசை தேய்ப்பது அடிப்பக்கத்து மெல்லிய கீறலுக்கு உதவும், ஆனால் கடைசி முயற்சியாகச் செய்யுங்கள். மேல்பக்கத்துக் கீறலுக்கு எந்தப் பசையும் உதவாது.

பிறகு டிஸ்க்கைப் பிரகாசமான மின்குமிழுக்கு நேரே பிடித்து, மேல்பக்கத்தில் இருந்து பாருங்கள். ஊசிக் குத்து மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே தகவல் இல்லை. சிலந்தி வலை மாதிரி கிளைவிட்ட தடங்கள் தெரிந்தால் பூஞ்சை. மத்திய அமெரிக்காவின் பெலீஸில் இருந்து வந்த ஒரு சீடியின் பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் பூஞ்சை தின்றிருந்ததை 2001இல் விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். அதுவும் எங்களுடையதைப் போல வெக்கையும் ஈரமுமான நாடு. டிஸ்க்குகளை இறுக்கமான பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசி போடாதீர்கள், தவிட்டுத் தூசு டிஸ்க்கில் ஒட்டி லென்ஸுக்குப் போகும்.

பழைய விசிடிகளுக்குத் தனிக் குறிப்பு. விசிடியில் படத்துக்கு இடம் மிச்சம் பிடிக்க, தகவல் சீடியில் இருக்கிற மேலதிகப் பிழை திருத்தக் குறியீட்டை விட்டுவிட்டார்கள். அதனால் அதே கீறல் தகவல் சீடியைவிட விசிடியை அதிகம் வாட்டும். கொப்பி நிற்கும் விசிடியை விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஓடவிட்டுப் பாருங்கள், சில இடத்தில் சதுரம் சதுரமாக உடைந்தாலும் கடந்து போய்விடும்.

எல்லா டிஸ்க்கும் ஒரே மாதிரி ஓரத்தை நெருங்கும்போதுதான் நிற்கிறது என்றால் மட்டும் டிரைவைச் சந்தேகியுங்கள். லேசர் வண்டி ஓடும் இரண்டு உருக்குக் கம்பிகளில் பழைய கிரீஸ் புளிப் பசை மாதிரி இறுகியிருக்கும். அதைத் துடைத்துவிட்டு, தையல் இயந்திர எண்ணெயைக் குச்சி நுனியால் பூசினது தெரியாத அளவுக்குப் பூசுங்கள். கூடினால் லென்ஸில் தெறிக்கும்.

"வாசிக்குது, ஆனால் ஆமை வேகம்"

24 மடங்கு வேக டிரைவில் ஒரு முழு 700 எம்பி சீடி ஐந்தாறு நிமிடத்தில் கொப்பியாக வேண்டும். அரை மணித்தியாலம் எடுத்து, மௌஸும் சேர்ந்து இழுபட்டால் எக்ஸ்பியின் ஒரு பழைய குணம். ஆறு தரம் வாசிப்புப் பிழை சேர்ந்ததும் அது டிரைவை வேகமான டிஎம்ஏ முறையில் இருந்து பிஐஓ என்ற மெதுவான முறைக்கு இறக்கிவிடும், பிறகு தானாக ஏற்றாது. கீறல் விழுந்த ஒரு டிஸ்க்கோடு மல்லுக்கட்டிய மறுநாளில் இருந்து எல்லாமே மெதுவாகிவிட்டது என்பார்களே, அது இதுதான். டிவைஸ் மனேஜரில் செக்கண்டரி ஐடிஈ சனலைத் திறந்து அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் பாருங்கள். பிஐஓ என்றிருந்தால் அந்தச் சனலை அன்இன்ஸ்டோல் பண்ணி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

"தகவல் டிஸ்க் ஓடுது, படம் ஓடுதில்லை"

இது டிரைவ் கோளாறே இல்லை. டிவிடிப் படத்தை விரிக்கும் எம்பெக்-2 டிகோடர் எக்ஸ்பியில் கூடவே வருவதில்லை. விஎல்சியின் பழைய பதிப்பைப் போட்டால் தீர்ந்தது. அதிலும் ஓடாவிட்டால் பிராந்திய எண், அதாவது எந்தப் பகுதி நாடுகளில் ஓடலாம் என்று டிஸ்க்கிலும் டிரைவிலும் போட்டிருக்கும் எண், பொருந்தவில்லை. தெற்காசியாவுக்கு 5. கனடாவில் இருந்து மாமா அனுப்பிய படம் 1 என்றிருக்கும், இலண்டனில் இருந்து வந்தது 2. டிரைவின் எண்ணை மாற்றலாம், ஆனால் ஐந்து தரம் மட்டும். ஐந்தாவதோடு அது அங்கேயே பூட்டிக்கொள்ளும். வீட்டில் பிள்ளைகள் ஒரு படத்துக்கு ஒரு தரம் என்று மாற்றிவிட்டிருந்தால் நிலைமை கஷ்டம்.

பாட்டு சீடியைக் கொப்பி பண்ணினேன், வீட்டில் போட்டால் பாடவில்லை என்று வருவதும் இதே குடும்பம். அந்தச் சிடிஏ கோப்பு ஒவ்வொன்றும் வெறும் 44 பைட். அதில் பாட்டு இல்லை, பாட்டு எங்கே இருக்கிறது என்ற குறிப்புத்தான். விண்டோஸ் மீடியா பிளேயரில் ரிப் பண்ண வேண்டும், அதாவது பாட்டையே கோப்பாக மாற்றி எடுக்க வேண்டும்.

டிஸ்க்கில் எழுதிய வளையம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் இயந்திரம் வெற்று டிஸ்க் என்கிறது என்றால் எழுதியவர் அதை பைனலைஸ் பண்ணாமல், அதாவது எழுதி முடிந்தது என்று மூடாமல், விட்டிருப்பார். 8 சென்ரிமீற்றர் குட்டி டிவிடியில் பதியும் ஹாண்டிகேம் வைத்திருந்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அந்தக் கமெராவே இன்னும் இயங்கினால் அதிலேயே பைனலைஸ் பண்ணுங்கள். குட்டி டிஸ்க்கை வாய்ப்பிளவு டிரைவுக்குள் மட்டும் தள்ளிவிடாதீர்கள், திரும்பி வராது.

"டிஸ்க் போட்டதும் லப்டொப்பே அணையுது"

டிரைவ் சுழலத் தொடங்கும் கணத்தில் கரண்ட் இழுவை கூடும். செத்த பற்றரியும், 90 வாட் கேட்கும் இயந்திரத்துக்குச் சந்தையில் வாங்கிய 65 வாட் அடப்டரும் சேர்ந்தால் அந்த ஒரு கணத்தைத் தாங்காது. சரியான அடப்டரை இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு மிச்சம் பேசலாம்.

எதுவும் சரிவரவில்லை என்றால்

மாற்று டிரைவ் வாங்குவதானால் மூன்றைப் பாருங்கள்: தடிப்பு 12.7 மில்லிமீற்றரா 9.5 ஆ, இணைப்பு பழைய ஐடிஈயா, அதற்குப் பிறகு வந்த சாட்டாவா, முகப்புப் பிளாஸ்டிக்கைக் கழற்றி மாற்ற முடியுமா. பழைய உதிரிப் பாகத்துக்குக் கொழும்பு போகிறவர்கள் யாராவது இருந்தால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தேடச் சொல்லலாம், டிரைவைப் படம் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

யூஎஸ்பி டிவிடி டிரைவ் இன்னும் சுலபம். ஆனால் பழைய லப்டொப்பின் ஒரு யூஎஸ்பி துளை 500 மில்லியம்பியர்தான் கொடுக்கும், டிரைவ் அதைவிடக் கூடக் கேட்கும். இரண்டு தலை உள்ள கேபிள் எடுங்கள். யூஎஸ்பி 1.1 மட்டும் உள்ள இயந்திரம் என்றால் படம் தடக்கித் தடக்கித்தான் ஓடும். பயோஸ் யூஎஸ்பியில் இருந்து பூட் ஆகாத காலத்து இயந்திரமாகவும் இருக்கலாம், விண்டோஸ் போட நினைப்பவர்கள் முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் டிஸ்க்குக்கு வருகிறேன். லென்ஸைத் துடைத்ததும் அவருடைய டிரைவ் என் டிவிடிகள் எல்லாவற்றையும் வாசித்தது, கல்யாணத்தைத் தவிர. அதை யூஎஸ்பி டிரைவில் போட்டு, லினக்ஸில் வேகத்தை ஆகக் குறைந்த நிலைக்கு இறக்கி, டிடிரெஸ்கியூ என்ற தகவல் மீட்பு மென்பொருளை ஓடவிட்டேன். அது வாசிக்க முடிகிற இடத்தையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, முடியாத இடங்களுக்குப் பிறகு திரும்பிவந்து முயலும். இரவு தொடங்கியது விடிய முடிந்தது. குழிவு ஓரத்தில்தான் அதிகம், ஓரத்தில் இருப்பது வீடியோவின் கடைசிப் பகுதி. தாலிகட்டு முழுதாக வந்துவிட்டது. பந்தி நடக்கிற இடத்தில் ஏழெட்டு நிமிடம் போனது போனதுதான்.

பென்டிரைவில் ஒன்று, அவருடைய மகனின் லப்டொப்பில் ஒன்று என்று இரண்டு கொப்பி கொடுத்தேன். பந்தியைப் பற்றிச் சொன்னதும் அக்கா சிரித்தார். "சாப்பாடுதானே தம்பி, அது அண்டைக்கே முடிஞ்சுது."